ராபிட்எம்க்யூவா, காஃப்காவா? செய்தியின் வழியை முடிவு செய்வது யார்?

ஒரு மென்பொருளின் சேவைகள் தமக்குள் செய்திகளைப் பரிமாறிக்கொள்ள வேண்டும் என்றதும் முதலில் பேச்சுக்கு வருபவை ராபிட்எம்க்யூவும் அப்பாச்சி காஃப்காவும்தாம். முன்னது 2007-இல் எர்லாங் மொழியில் எழுதப்பட்டு வெளிவந்தது. பின்னது லிங்க்ட்இன் நிறுவனத்தில் உருவாகி 2011-இல் திறமூலமாக வெளியிடப்பட்டது. எது வேகமானது என்ற கேள்வியோடு பல குழுக்கள் நின்றுவிடுவது வருந்தத்தக்கது. செய்தி எங்கே செல்ல வேண்டும், எவ்வளவு காலம் இருக்க வேண்டும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்பதே பார்க்க வேண்டிய வேறுபாடு.

ராபிட்எம்க்யூவில் வழியை முடிவு செய்வது சர்வர். அனுப்பும் நிரல் செய்தியை, சர்வருக்குள் செய்திகளைப் பிரித்தனுப்பும் பகுதியான எக்ஸ்சேஞ்சிடம் ஒப்படைக்கிறது. அது செய்தியோடு வரும் முகவரிச் சொல்லான ரவுட்டிங் கீயைப் பார்த்து, செய்திகள் காத்திருக்கும் உரிய வரிசைகளுக்கு (க்யூ) அனுப்புகிறது. ரவுட்டிங் கீயின் நடுச்சொல் ஊர்ப்பெயர் என்று கொள்வோம். ‘ஆர்டர்.*.ரத்து’ என்று ஒரு வரிசையை டாபிக் வகை (கீயை இத்தகைய மாதிரியோடு ஒப்பிடும்) எக்ஸ்சேஞ்சுடன் பிணைத்துவிட்டால், எந்த ஊரின் ரத்துச் செய்தியும் அனுப்பும் நிரலில் ஒரு வரிகூட மாறாமல் அங்கே வந்து சேரும். பெறும் சேவை ஒப்புகை அளித்ததும் செய்தி நீக்கப்படும். நிராகரிக்கப்பட்டதை, அத்தகைய செய்திகளுக்கென்றே வைக்கும் டெட் லெட்டர் எக்ஸ்சேஞ்ச் வழியாகத் தனி வரிசைக்குத் திருப்பலாம்.

காஃப்காவின் சர்வர் இவ்வளவு பொறுப்பை ஏற்பதில்லை. இங்கே டாபிக் என்பது ஒரு வகைச் செய்திகளின் தொகுப்பு; ஒவ்வொரு டாபிக்கும் பல பார்ட்டிஷன்களாக (பகுதிகளாக) பிரிந்த, படித்தபின்னும் செய்திகள் நீங்காத பதிவேடு. எந்தப் பார்ட்டிஷனில் எழுதுவது என்பதை அனுப்பும் நிரலே, பெரும்பாலும் செய்தியின் கீயிலிருந்து கணக்கிடும் எண்ணான ஹாஷைக் கொண்டு, தீர்மானிக்கிறது. வரிசைமுறை ஒரு பார்ட்டிஷனுக்குள் மட்டுமே உறுதி என்பதாலும், பின்னாளில் பார்ட்டிஷன்களைக் கூட்டினால் அதே கீ வேறிடத்துக்குப் போகக்கூடும் என்பதாலும், அந்த எண்ணிக்கையைத் தொடக்கத்திலேயே யோசித்து வைப்பது அவசியம். கையாள முடியாத செய்தி ஒன்று வந்தால் அதைத் தாண்டிச் செல்வதா, ஒதுக்கி வைப்பதா என்பதையும் பெறும் நிரலே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த எல்லைகள் இப்போது நெருங்கி வருகின்றன: ராபிட்எம்க்யூ 2021-இல், 3.9 பதிப்பில், காஃப்காவைப் போலப் படித்தபின்னும் செய்திகளை வைத்திருக்கும் பதிவேடுகளான ஸ்ட்ரீம்களைச் சேர்த்தது.

மின்னஞ்சல் அனுப்புதல், ரசீது தயாரித்தல் போன்ற, முடிந்ததும் மறந்துவிடக்கூடிய பணிகளுக்கு நான் தயங்காமல் ராபிட்எம்க்யூவையே பரிந்துரைப்பேன். அதே நிகழ்வைப் பல சேவைகள் தத்தம் வேகத்தில் படிக்கவும், பிழை திருத்தியபின் பழையவற்றை மீண்டும் ஓட்டிப் பார்க்கவும் வேண்டுமென்றால் காஃப்காவே பொருத்தமானது. ஆனால் அதன் இயல்பான சேமிப்புக் காலம் 7 நாட்களே என்பதால், ஓராண்டுக்குப் பின் சேரும் சேவைக்கும் வரலாறு தேவைப்படும் என்றால் அந்தக் கால அளவை முதல் நாளே மாற்றியாக வேண்டும்.