‘தவணையில் கட்டலாம் அக்கா’: சோஷியல் மீடியா வகுப்பில் சேரும் முன் இதைப் படியுங்கள்

வீட்டிலிருந்தபடி ஆன்லைனில் சின்னதாக வியாபாரம் செய்கிற பெண்களைத் தேடிப் பிடித்து, பிளாகிங், இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் விளம்பரம் எல்லாம் கற்றுத்தருகிறோம் என்று ஒரு பயிற்சி நிறுவனம் வகுப்பு நடத்துகிறது. என்னிடம் 45,000 ரூபாய் வாங்கினார்கள். பதிலுக்குக் கிடைத்தது என் பெயரில் ஒரு கடன், அவர்கள் கையில் மாட்டிக்கொண்ட என் கடை இணையதளம், ஒரு பிடிஎஃப் சான்றிதழ். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் போட்டிருப்பதால் பெயரை வெளியில் எழுத வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். எழுதினாலும் பெரிதாகப் பயனில்லை. இதே பேச்சு, இதே வலை வேறு பெயர்களிலும் ஓடுகிறது. அதனால் நடந்த விதத்தைச் சொல்கிறேன், உங்களுக்கு ஃபோன் வரும்போது அடையாளம் தெரியட்டும்.

நான் விற்பது சுங்குடிப் புடவை. சின்னாளப்பட்டியில் எடுத்து வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் வழியாக விற்கிறேன். தெரிந்தவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று ஓடிய வியாபாரம் ஒரு கட்டத்துக்கு மேல் நகரவில்லை. புடவையைப் பற்றி நாலு வரி உருப்படியாக எழுதவும், வீடியோ எடுக்கவும், விளம்பரத்துக்குப் போடும் பணம் எங்கே போகிறது என்று புரிந்துகொள்ளவும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நினைத்திருந்த நேரத்தில், 99 ரூபாய்க்கு ‘மாஸ்டர் கிளாஸ்’ என்று விளம்பரம் வந்தது.

அந்த 99 ரூபாய் வகுப்பில் பாடம் கிடையாது. பேசுகிறவர் கஷ்டப்பட்ட கதை, அவர் வாங்கிய கார், மாணவர்கள் சம்பாதித்ததாகச் சில ஸ்கிரீன்ஷாட். (பிரவுசரில் ஒரு பக்கத்தைத் திறந்து அதில் உள்ள எண்ணை மாற்றிப் படம் பிடிக்க அரை நிமிடம் போதும். வருமான ஸ்கிரீன்ஷாட்டுக்கு எந்த மதிப்பும் இல்லை.) கடைசியில் திரையில் ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடியது. ‘இன்று இரவு 12 மணி வரை மட்டும்’ 90,000 ரூபாய் வகுப்பு 45,000 ரூபாய். நாம் எழுதும் கேள்வி யார் கண்ணிலும் படாது, ஆனால் ‘ஃபீஸ் கட்டிட்டேன் சார்’ என்ற செய்திகள் மட்டும் வரிசையாக ஓடிக்கொண்டே இருந்தன. பிறகு தெரிந்தது, அடுத்த வாரமும் அதே கடிகாரம், அதே 12 மணி.

மறுநாள் காலையிலேயே ஃபோன். பேசியவர் தன்னை ‘கேரியர் கவுன்சிலர்’ என்றார். மரியாதைக்குக் குறைவே இல்லை, வார்த்தைக்கு வார்த்தை அக்கா. “மொத்தமா கட்ட வேண்டாம் அக்கா, மாசம் 3,750 ரூபாய், 12 மாசம், வட்டியே கிடையாது. உங்க ஒரு புடவை லாபத்துல தவணை முடிஞ்சிரும்.” ஒரு பருத்திப் புடவையில் 3,750 ரூபாய் லாபம் வரும் என்று நினைக்கிறவர் வியாபாரம் கற்றுத்தரப் போகிறார்! அதைச் சொன்னேன். சிரித்துவிட்டு, “அதுக்குத்தானே அக்கா வகுப்பு” என்றார். அரசு அங்கீகாரம் உண்டா என்று கேட்டதற்கு எம்எஸ்எம்இ சான்றிதழ் ஒன்றை அனுப்பினார். அது குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு. ஆதார், பான் வைத்து யார் வேண்டுமானாலும் இலவசமாகச் செய்துகொள்ளலாம், சொந்த உறுதிமொழியே போதும். என் புடவைக் கடைக்கும் அந்தச் சான்றிதழ் இருக்கிறது. அது பாடத்தின் தரத்துக்கு யாரும் கொடுத்த அங்கீகாரம் இல்லை.

அடுத்து ‘அட்மிஷன் ஃபார்ம்’ என்று ஒரு லிங்க். பெயர், முகவரி, பான், ஆதார், ஓடிபி, கேமராவில் முகம், அப்புறம் ஆட்டோ டெபிட்டுக்கு ஒப்புதல். கவுன்சிலர் லைனிலேயே இருந்து, “அடுத்தது அழுத்துங்க, அடுத்தது அழுத்துங்க” என்று சொல்லிக்கொண்டே வந்தார். எந்தத் திரையிலும் நின்று படிக்க விடவில்லை. அவர் ஒரு தடவைகூட ‘கடன்’ என்று சொல்லவில்லை. முதல் தவணை பிடித்ததாக எஸ்எம்எஸ் வந்தபோதுதான் அதில் வேறொரு நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தது. நான் தவணையில் ஃபீஸ் கட்டவில்லை. அந்த நிதி நிறுவனம் என் பெயரில் கடன் போட்டு, பணத்தைப் பயிற்சி நிறுவனத்துக்கு முதல் வாரமே கொடுத்துவிட்டது. நான் கட்டுவது அந்தக் கடனை.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் புரிந்துகொள்ளுங்கள், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. மாதாமாதம் நம்மிடம் ஃபீஸ் வாங்கும் இடமென்றால், பாடம் பிடிக்காவிட்டால் நின்றுவிடுவோம் என்ற பயம் அவர்களுக்கு இருக்கும். இங்கே அந்தப் பயமே இல்லை. வகுப்பு நடந்தாலும் நடக்காவிட்டாலும் கடன் கடன்தான். வட்டி இல்லை என்பதும் வித்தைதான். பயிற்சி நிறுவனம் கொஞ்சம் குறைத்து வாங்கிக்கொள்கிறது, அந்த வித்தியாசம் நிதி நிறுவனத்துக்கு வட்டி. அந்தச் செலவையும் சேர்த்துத்தான் ஃபீஸே போட்டிருப்பார்கள்.

டிஜிட்டல் கடனுக்கு ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. கடன் போடும் முன் மொத்தச் செலவு, கட்டணம் எல்லாம் ஒரே இடத்தில் காட்டும் விவர அறிக்கையை நம்மிடம் தர வேண்டும். மனம் மாறினால் அபராதம் இல்லாமல் அசலையும் அதுவரைக்குமான வட்டியையும் திருப்பிக் கட்டி விலகிக்கொள்ளவும் அவகாசம் உண்டு, குறைந்தது ஒரு நாள். ஆனால் அசல் பயிற்சி நிறுவனத்திடம் அல்லவா போய்விட்டது? அவர்கள் திருப்பித் தந்தால்தான் நாம் விலக முடியும். ‘7 நாளுக்குள் முழுப் பணம் வாபஸ்’ என்று அவர்கள் வாக்குக் கொடுத்தார்கள். முதல் வகுப்பை 7 நாள் கழித்து ஆரம்பித்தார்கள்.

வகுப்பு எப்படி என்றால், பெரும்பாலும் பழைய ரெக்கார்டிங். காட்டிய ஃபேஸ்புக் திரையே இப்போது அந்த மாதிரி இல்லை, பட்டன்கள் இடம் மாறிவிட்டன. உதாரணங்கள் அமெரிக்காவில் மெழுகுவர்த்தி விற்கும் கடை, ஜிம் பயிற்சியாளர். கூரியரில் திரும்பி வரும் பார்சல், கேஷ் ஆன் டெலிவரி, வாட்ஸ்அப்பில் விலை கேட்டுவிட்டுக் காணாமல் போகிறவர்கள் என்று நம் ஊர் வியாபாரத்தின் தலைவலி எதுவும் அதில் இல்லை. சந்தேகம் கேட்கும் வாட்ஸ்அப் குழுவில் அட்மின் மட்டும்தான் எழுத முடியும்!

என் கடைக்கு பிளாக் அமைத்துத் தருவதும் ஃபீஸில் சேர்த்தி. செய்தார்கள். முதல் கட்டுரையே, காஞ்சிபுரத்தின் பாரம்பரியச் சுங்குடிப் பட்டு என்று ஆரம்பித்தது. சுங்குடி பருத்தி. மதுரை சுங்குடி என்று 2005லேயே புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. துணியைக் கிள்ளி நூலால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கி, அவிழ்த்தால் புள்ளி விழும், அதுதான் அதன் அழகே. மெஷினை விட்டு எழுதி, யாரும் படித்துப் பார்க்காமல் ஏற்றியிருக்கிறார்கள். படங்களும் வேறு யாரோ ஒரு கடைக்காரருடையவை. மதுரையில் இருந்து என்னிடம் வழக்கமாக வாங்கும் சௌராஷ்டிர அம்மா ஒருவர் ஃபோன் செய்து, “என்னம்மா, சுங்குடி எப்போ பட்டாச்சு?” என்று கேட்டார். அவர் அந்தப் புடவைகளைக் கட்டி வளர்ந்தவர், எனக்கு முகம் சுண்டிப்போனது. இப்படி ஆளில்லாமல் கட்டுரைகளை அள்ளிக் கொட்டினால் கூகுள் தேடலிலும் மேலே வராது. தேடலில் இடம்பிடிக்க மட்டும் மொத்தமாகத் தயாரிக்கும் பக்கங்களை ஸ்பேமாக எடுத்துக்கொள்வோம் என்று 2024 மார்ச்சிலேயே கூகுள் விதி கொண்டுவந்துவிட்டது.

இன்ஸ்டாகிராமில் ஒரே இரவில் ஆயிரக்கணக்கில் ஃபாலோயர்ஸ் ஏறினார்கள். பெயரைப் பார்த்தால் எந்த நாடு என்றே தெரியாது. ஒருவர்கூட விலை கேட்கவில்லை. மாறாக, வழக்கமாகப் பார்க்கும் நம் ஆட்களுக்கே பதிவு போய்ச் சேருவது குறைந்தது. பிளாகில் கூகுள் விளம்பரம் போட்டுப் பணம் தரும் ஆட்சென்ஸ் வழியாக வருமானம் என்றார்கள். தமிழுக்கு ஆட்சென்ஸ் 2018லேயே வந்துவிட்டது உண்மைதான், ஆனால் அதற்கு இவர்கள் சொல்லிக்கொடுத்த வழி, குழுவில் உள்ளவர்கள் ஒருவர் பிளாகில் வரும் விளம்பரத்தை இன்னொருவர் கிளிக் செய்வது. அது கூகுள் விதிப்படி தடை செய்யப்பட்ட வேலை. கண்டுபிடித்தால் கணக்கை மூடிவிடுவார்கள், சேர்ந்த பணமும் போகும். அதில் நான் சேரவில்லை. சேர்ந்த ஒரு தங்கை, வீட்டில் மசாலாப் பொடி விற்பவர், கணக்கை இழந்துவிட்டார்.

இதையெல்லாம் விடப் பெரிய அநியாயம், என் கடைப் பெயரில் வாங்கிய டொமைன், அதாவது இணையதள முகவரி. அதை அவர்கள் தங்கள் கணக்கில், தங்கள் இமெயிலில் பதிந்திருக்கிறார்கள். ஃபேஸ்புக் பக்கமும் அவர்களுடைய பிசினஸ் கணக்கின் கீழ், எனக்குப் பதிவு போடும் உரிமை மட்டும். பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதியதும் இரண்டும் நின்றன. ‘பராமரிப்புக் கட்டணம்’ கட்டினால் திறந்துவிடுவார்களாம். டொமைன் என்பது வருடத்துக்குச் சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்துச் சொச்சத்துக்குள் நாமே வாங்கக்கூடிய ஒன்று. யார் செய்துகொடுத்தாலும் சரி, உங்கள் இமெயிலில், உங்கள் ஃபோன் எண்ணில் கணக்குத் திறந்து, புதுப்பிக்கும் பில் உங்களுக்கு வருகிற மாதிரி வாங்கச் சொல்லுங்கள். ஃபேஸ்புக் பக்கத்தில் முழுக் கட்டுப்பாடு உங்களிடம் இருக்க வேண்டும், அவர்களுக்குத் தேவையான உரிமை மட்டும் கொடுங்கள்.

புகார் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் ஆட்டோ டெபிட்டை வங்கியில் சொல்லி நிறுத்தினேன். கடன் நிற்கவில்லை, தாமதக் கட்டணம்தான் ஏறியது, வசூல் ஃபோன்களும் ஆரம்பித்தன. சிபில் ஸ்கோர் கெட்டால் நாளைக்குக் கடைக்குக் கடன் கிடைக்காது என்று இப்போது கட்டிக்கொண்டுதான் வருகிறேன். நிதி நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு இமெயில் போட்டேன். அங்கே 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் சரியில்லாவிட்டால், ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் புகார் செய்யலாம், விவரம் கேட்க 14448. அங்கே போன பிறகு தாமதக் கட்டணத்தை நீக்கினார்கள், வசூல் ஃபோன்கள் நின்றன. கடன் அப்படியேதான் இருக்கிறது.

பயிற்சி நிறுவனத்தின் மேல் 1915ல் புகார் செய்தேன். தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசலாம். அவர்கள் புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிச் சமரசத்துக்கு முயல்வார்கள், கட்டாயப்படுத்தும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. (1930 வேறு. கணக்கிலிருந்து யாராவது பணத்தைத் திருடினால் உடனே கூப்பிட வேண்டிய சைபர் கிரைம் எண் அது.) வந்த பதில், ‘சேவை முழுமையாக வழங்கப்பட்டது, சான்றிதழும் அளிக்கப்பட்டது’.

அதன் பிறகுதான் மாவட்ட ஆணையம். நாம் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. அவர்கள் அலுவலகம் எங்கே இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், ஆன்லைனில் இ-ஜாக்ரிதி தளம் வழியாகவும் போடலாம். கல்வி நிறுவனம் என்பதால் நுகர்வோர் சட்டத்துக்குள் வரமாட்டோம் என்று அவர்கள் வக்கீல் வாதிடுகிறார். 2020 ஜனவரியில் தேசிய நுகர்வோர் ஆணையம் கல்வி நிறுவனங்களுக்கு விலக்கு சொன்ன அதே தீர்ப்பில், பயிற்சி மையங்களுக்கு அந்த விலக்கு இல்லை என்றும் சொல்லியிருக்கிறது. இன்னொரு வாதம், நான் வியாபாரி, நுகர்வோர் இல்லையாம். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்கிறவளை எப்படி வணிக நிறுவனத்தோடு சேர்க்க முடியும் என்பது எங்கள் பதில். தீர்ப்பு வர நாளாகும்.

கற்றுக்கொள்ள என்ன வழி என்று கேட்பீர்கள். கூகுள் ஸ்கில்ஷாப், மெட்டா புளூபிரிண்ட், ஹப்ஸ்பாட் அகாடமி மூன்றிலும் இலவசப் பாடங்கள் இருக்கின்றன, ஆங்கிலம் கொஞ்சம் தெரிந்தால் சமாளிக்கலாம். தமிழில் நேரில் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்றால், சென்னையில் இருக்கும் தமிழ்நாடு தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம் டிஜிட்டல் மார்க்கெட்டிங், யூடியூப் என்று அவ்வப்போது சில நாள் பயிற்சி வைக்கிறது. வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் கேட்டலாக் (சரக்குப் பட்டியல்), லேபிள் (வாடிக்கையாளரை வகை பிரிக்கும் குறி) இரண்டையும் ஒழுங்காகப் பயன்படுத்தினாலே பாதி வேலை முடியும். எனக்கு அதிகம் விசாரிப்பு கொண்டுவந்தது, வகுப்பு முடிந்து நானாக எடுத்த ஒரு வீடியோதான். வாளித் தண்ணீரில் கல்லுப்பு போட்டுச் சிவப்புச் சுங்குடியை அலசிக் காட்டினேன். ‘சாயம் போகுமா’ என்று எல்லோரும் கேட்கிறார்களே, அதற்குப் பதில்.

இதே மாதிரி இடத்தில் சேர்ந்து, இதே மாதிரி கடனில் நிற்கிறவர்கள் இருந்தால் எனக்கு மெசேஜ் அனுப்புங்கள். ஒரே நிறுவனம், ஒரே குறை என்றால் ஆணையத்தின் அனுமதியோடு பலர் சேர்ந்து ஒரே புகாராகப் போடலாம், ஏற்கெனவே மூன்று பேர் தயாராக இருக்கிறார்கள். பிரச்சினை தொடங்கி 2 வருடத்துக்குள் போட வேண்டும். கடன் ஒப்பந்தத்தின் முதல் பக்கம், அவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஃபீஸ் விவரம் இரண்டும் இருந்தால் இப்போதைக்குப் போதும். ஆதார், பான் எண்களை மறைத்துவிட்டு அனுப்புங்கள்.