மிரட்டலுக்கு விலை வைக்கும் விதிநூல்: பாத்ஃபைண்டர் 'பிளேயர் கோர்'

கதைமாந்தராக மாறி ஆடும் மேசை விளையாட்டை நடத்தும் கேம் மாஸ்டருக்குப் போர்க் காட்சிகளைவிட மிரட்டல் காட்சிகளே கடினமானவை. கோட்டைக் காவலனின் கழுத்தில் ஓர் ஆட்டக்காரர் கத்தியை வைக்கிறார். காவலனுக்காகப் பேச வேண்டிய கேம் மாஸ்டர், அவன் பணிவானா, கூச்சலிடுவானா, பணிந்தால் பிறகு என்ன செய்வான் என்பதையெல்லாம் அந்த நொடியிலேயே முடிவு செய்தாக வேண்டும். பைஸோ நிறுவனம் 2023 நவம்பரில் வெளியிட்ட பாத்ஃபைண்டர் என்ற அத்தகைய விளையாட்டின் இரண்டாம் பதிப்புக்கான 'பிளேயர் கோர்' விதிநூலை இந்த ஓர் இடத்தை வைத்தே இங்கு மதிப்பிடுகிறேன்.

சண்டையின் நடுவே 30 அடிக்குள் நிற்கும் எதிரியைக் கலங்கடிப்பதற்கு 'டிமாரலைஸ்' என்ற தனி விதி இருக்கிறது. அது விரைவாகவும் குழப்பமின்றியும் இயங்குகிறது. நூலின் உண்மையான பலம், ஒருவரைப் பேசி மிரட்டிப் பணியவைக்கும் 'கோயர்ஸ்' என்ற விதியில்தான் இருக்கிறது. குறைந்தது ஒரு நிமிடம் பேசிய பிறகே இருபது பக்கப் பகடையை உருட்ட வேண்டும்; மிரட்டும் திறனையும் சேர்த்து வரும் எண், எதிராளியின் மனவுறுதிக்கு உரிய எண்ணை எட்ட வேண்டும். எட்டினாலும், தனக்குத் தீங்கு நேராத அளவுக்கு மட்டுமே, அதுவும் ஒரு நாளுக்கு மிகாமல், அவன் கீழ்ப்படிவான். அதன்பின் மனம் கசந்து அதிகாரிகளிடம் புகார் செய்யலாம், நம் பகைவருக்கு உதவலாம். மிகப் பெரிய வெற்றியிலும் அந்தக் கசப்பு மிஞ்சும். உடனே பழிவாங்கும் துணிவு மட்டும் அவனுக்கு வராது. படுதோல்வியிலோ அவன் பகைவனாகிவிடுவான். குறைந்தது ஒரு வாரத்துக்கு அவனை மீண்டும் அப்படிப் பணியவைக்க முடியாது.

நான் கேம் மாஸ்டராக நடத்திய ஆட்டத்தில் ஆட்டக்காரர்கள் ஓடக்காரன் ஒருவனை மிரட்டி இரவோடு இரவாக ஆற்றைக் கடந்தார்கள். மறுநாள் மாலை அவன் காவலர்களோடு அக்கரையில் வந்து நின்றபோது, அதை என் வன்மம் என்று யாரும் கருதவில்லை. விதி அப்படித்தான் என்பது அனைவருக்கும் தெரிந்திருந்தது. அடுத்த ஓடக்காரனுக்குக் கேட்காமலே கூலி கிடைத்தது. இதே வகையைச் சேர்ந்த டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் விளையாட்டின் 2014-ஆம் ஆண்டு டன்ஜன் மாஸ்டர் கையேட்டிலும் எதிராளியின் நட்பு, அலட்சியம், பகை என்ற மனநிலை ஒவ்வொன்றுக்கும், எட்ட வேண்டிய எண்களாக 0, 10, 20 என்ற படிகள் உண்டு. ஆனால் கேட்டதை அவன் செய்வானா என்பதோடு அந்த அட்டவணை நின்றுவிடுகிறது.

எனக்கு நிறைவளிக்காதது உடல்வலிமைக்குக் கிடைக்கும் இடம். மிரட்டல் ஆளுமைக் கவர்ச்சியைச் சார்ந்தே கணக்கிடப்படுவதால், மலைபோன்ற வீரனைவிட மெலிந்த பாடகன் அதிகம் அச்சுறுத்துகிறான். அதைச் சரிசெய்ய வரும் கூடுதல் திறமையும் தொடக்கத்தில் 1 புள்ளியே தருகிறது. மேலும், தன் பிரபுவுக்கே அதிகம் அஞ்சும் காவலனை எப்படிக் கணக்கிடுவது என்பதையும் நூல் கேம் மாஸ்டரிடமே விட்டுவிடுகிறது. அதனால் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் அவன் எதற்கு அதிகம் அஞ்சுகிறான் என்று முன்கூட்டியே ஒரு வரி எழுதி வைத்துக்கொள்கிறேன்.

இவ்விதிகள் அனைத்தும் ஆர்கைவ்ஸ் ஆஃப் நெதிஸ் தளத்தில் முறையான அனுமதியுடன் இலவசமாகவே கிடைக்கின்றன. வாங்கத் தயங்குவோர் 'கோயர்ஸ்' பகுதியை அங்கே படித்து, ஒரே ஒரு மிரட்டல் காட்சியை ஆடிப் பார்க்கலாம்.