மஞ்சக்குப்பத்து ஞாயிறு வகுப்பு: 1,800 ரூபாய்க்கு என்ன கிடைக்கிறது?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடிக் கூடத்தில், வளர்ச்சி மனப்பான்மையை வளர்த்துக்கொண்டு சொந்த இலக்குகளை அடைவது எப்படி என்பதைப் பற்றி ஞாயிறுதோறும் காலையில் பயிற்சி வகுப்பு நடக்கிறது. மொத்தம் ஆறு வகுப்புகள். குறிப்பேட்டையும் சேர்த்துக் கட்டணம் 1,800 ரூபாய். குரூப் 4 தேர்வுக்குப் படிப்பவர்கள், சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள், பிள்ளைகளின் படிப்பை நினைத்து வந்த பெற்றோர் எனக் கூடம் நிறைந்தே இருந்தது.

முதல் இரண்டு வகுப்புகள் கொள்கை விளக்கத்திலேயே போய்விடுகின்றன. திறமை பிறவியிலேயே அளந்து கொடுக்கப்பட்டது என்று நம்புகிறவர் ஒருமுறை சறுக்கினாலே ஒதுங்கிவிடுவார். பயிற்சியாலும் சரியான வழிமுறையாலும் அது வளரும் என்று நம்புகிறவர் மீண்டும் முயல்வார் என்பது உளவியலாளர் கரோல் டுவெக் முன்வைத்த கருத்து. இதைச் சொல்ல அரை மணி நேரம் போதும். அமெரிக்காவில் 12,000-க்கும் மேற்பட்ட ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் நடத்தப்பட்டு 2019-இல் வெளியான ஆய்வில், கணினி வழியே கொடுத்த பாடம் மொத்தமே ஒரு மணி நேரத்துக்கும் குறைவு; படிப்பில் பின்தங்கியிருந்தவர்களுக்கு நான்கு புள்ளி மதிப்பெண் அளவுகோலில் கூடியதும் சுமார் 0.1 புள்ளிதான். இங்கோ அதே கருத்து இரண்டு ஞாயிறுகளுக்குப் படக்காட்சியாக நீண்டது. நடுநடுவே எல்லோரையும் எழுந்து நின்று முழக்கமிடச் சொன்னார்கள். என் பக்கத்தில் அமர்ந்திருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் கடைசிவரை எழவே இல்லை.

மூன்றாம் வகுப்பில் பிழைக் குறிப்பேட்டைக் கையில் கொடுத்த பிறகுதான் பயிற்சி சூடுபிடிக்கிறது. தவறவிட்ட ஒவ்வொரு வினாவையும் 'தெரியாதது', 'தெரிந்தும் தவறியது', 'நேரம் போதாதது' என்ற மூன்று கட்டங்களில் ஒன்றில் எழுத வேண்டும். குரூப் 4 தாளின் 200 வினாக்களில் 25 திறனறிவு வினாக்கள். தேவனாம்பட்டினத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண், "எனக்குக் கணக்கே வராது சார்" என்றார். பயிற்றுநர் அறிவுரை எதுவும் சொல்லாமல், "போன மாதிரித் தேர்வுத் தாளை எடும்மா" என்றார். பார்த்தால் விகிதமும் தனிவட்டியும் சரியாகவே இருந்தன. தவறியவை பெரும்பாலும் காலமும் வேலையும் பகுதியில். ஒரு வேலையை ஒருவர் 6 நாளிலும் இன்னொருவர் 12 நாளிலும் முடித்தால் இருவரும் சேர்ந்து எத்தனை நாளில் முடிப்பார்கள் என்ற கணக்கில், இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி 9 என்று எழுதியிருந்தார். ஒரு நாளில் ஒவ்வொருவரும் முடிக்கும் பங்கைக் கூட்ட வேண்டும் என்று காட்டியதும், 4 என்ற விடையை அவரே கண்டுபிடித்தார். அடுத்த வாரத்துக்கு அவருக்குக் கொடுத்த வேலை அந்த வகைக் கணக்குகள் மட்டுமே. இப்படி ஆளுக்கு ஆள் உட்கார்ந்து பார்க்கிற பயிற்றுநர் வேறெங்கும் எளிதில் கிடைக்கமாட்டார். கொடுத்த பணம் இந்தப் பகுதிக்குத் தகும்.

பெற்றோருக்கான வகுப்பும் நன்று. புத்திசாலி என்று பாராட்டப்பட்ட ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள், உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்களைவிடக் கடினமான வினாக்களில் சீக்கிரம் சோர்ந்துபோனதைக் காட்டிய 1998 ஆய்வை எளிய தமிழில் விளக்கினார்கள்.

ஆனால் கடைசி வகுப்பில் பேச வந்த வேறொருவர், இலக்கு கைகூடவில்லை என்றால் முயற்சி போதவில்லை என்றே பொருள் என அடித்துச் சொன்னதை ஏற்க முடியவில்லை. இரவு ஷிப்ட் முடித்து நேராக வந்து கண் எரிய அமர்ந்திருந்த இளைஞரிடம் சொல்லக்கூடிய பேச்சா அது? வெறும் முயற்சியைப் பாராட்டுவது போதாது, வழிமுறையை மாற்றிப் பார்ப்பதும் பிறர் உதவியைக் கேட்பதும் வேண்டும் என்று டுவெக்கே எழுதியிருக்கிறார். அவர் பெயரைச் சொல்லி நடத்தும் வகுப்பில் அது விடுபட்டிருக்கக் கூடாது.

புதுச்சேரியிலிருந்து வருவோர் பேருந்து நேரத்தைக் கணக்கிட்டுக் கிளம்புவது நல்லது; வகுப்பு குறித்த நேரத்துக்குத் தொடங்கிவிடுகிறது. மின்விசிறிக்கு அடியில் இடம் பிடிக்கவும் முன்கூட்டியே வர வேண்டும். தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். மனத்தெம்பு மட்டும் தேடி வருகிறவர்களுக்கு இந்தக் கட்டணம் அதிகம். மூன்றாம் வகுப்பிலிருந்து மட்டும் சேர முடியுமா என்று அலுவலகத்தில் கேட்டுப் பார்த்தேன். ஆறுக்கும் சேர்த்துத்தான் ரசீது போடுவார்களாம்.