எழுதியவர் பெயரைச் சொல்லாத உதவியாளர்: நிரல் எழுதும் ஏஐ கருவி ஒன்றின் மதிப்புரை

சிறிய கணினி விளையாட்டு ஒன்றை உருவாக்குவதற்காக ஆறு மாதங்களாக நான் பயன்படுத்திவரும் செயற்கை நுண்ணறிவு நிரல் கருவியைப் பற்றியது இம்மதிப்புரை. கருவியின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். நான் சொல்லப்போகும் குறை அதற்கு மட்டும் உரியதன்று.

மெனு, சேமிப்புக் கோப்பு, சோதனை நிரல் போன்ற சலிப்பூட்டும் வேலைகளை அது விரைந்து முடித்துத் தருகிறது. தவறும் செய்கிறது, ஆனால் ஓட்டிப் பார்த்தால் அவற்றில் பெரும்பாலானவை தெரிந்துவிடும்.

ஓட்டிப் பார்த்தாலும் தெரியாத குறை வேறு. நீர்ப்பரப்பில் ஒளி நெளிவதைக் காட்டும் ஷேடர் (திரையில் ஒளியையும் நிறத்தையும் கணக்கிடும் சிறு நிரல்) ஒன்றைக் கேட்டேன். வந்த நிரல் அழகாகவே ஓடியது. ஆனால் அதன் நடுவே, இந்த எண் ஏன் பொருந்துகிறது என்று தனக்கே தெரியவில்லை, யாரும் தொடவேண்டாம் என்று யாரோ அலுத்துக்கொண்ட குறிப்பு ஒன்று இருந்தது. இயந்திரத்துக்கு ஏது அலுப்பு? தேடியபோது, அதே வரிகள் அதே குறிப்போடு, ஜிபிஎல் என்ற உரிமத்தில் வெளியான ஒரு திறமூல நிரலில், அதாவது மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் நிரலில், கிடைத்தன. அந்த நிரலைச் சேர்த்து விளையாட்டை வெளியிட்டால், விளையாட்டின் மூலநிரலையும் அதே உரிமத்தில் தரவேண்டும். எழுதியவரின் பதிப்புரிமை அறிவிப்பையும் நீக்கக் கூடாது. கருவி இதில் எதையுமே சொல்லவில்லை. அந்த ஒரு குறிப்பு இல்லாதிருந்தால், நான் என் பெயரைப் போட்டு வெளியிட்டிருப்பேன்.

இது புதிய சிக்கலும் அன்று. கிட்ஹப் கோபைலட் என்ற நிரல் எழுதும் ஏஐ கருவி முன்னோட்டமாக வந்த 2021-லேயே, குவேக் 3 விளையாட்டில் தலைகீழ் வர்க்கமூலத்தை விரைந்து கணக்கிடும் புகழ்பெற்ற நிரலை அதன் குறிப்புகளோடு அப்படியே ஒப்பித்துக் காட்டியது. பொதுவெளி நிரலோடு ஒத்துப்போகும் பரிந்துரைகளைத் தடுக்கும் வசதி பிறகு அதில் சேர்க்கப்பட்டது. என் கருவியிலும் அப்படியொரு வசதி உண்டு. ஆனால் நாமே தேடிப்போய் இயக்கினால்தான் வேலை செய்கிறது.

மனிதரும் பிறர் நிரலைப் படித்துத்தானே கற்கிறார்கள் என்பார்கள். நானும் அப்படித்தான் கற்றேன். ஆயினும் யாரிடமிருந்து எதை எடுத்தேன் என்று கேட்டால் என்னால் பெரும்பாலும் சொல்ல முடியும். திறமூல நிரலாளர்களில் பலர் கேட்பதும், பெயரை விட்டுவிடாதீர்கள் என்ற அளவில்தான்.

சொல்ல வேண்டிய கடமையோ நம் தலையில் விழுகிறது. ஏஐ உருவாக்கிய உள்ளடக்கம் இருந்தால் தெரிவிக்க வேண்டும் என்ற விதியை, கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளம் 2024 ஜனவரியில் வகுத்தது. பதிப்புரிமைப் பதிவின்போது இயந்திரம் ஆக்கிய பகுதியைத் தெரிவித்து விலக்க வேண்டும் என்று அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2023 மார்ச்சில் வழிகாட்டியது. இவற்றுக்கு நேர்மையாகப் பதில் எழுத, எந்த வரி யாருடையது என்ற பதிவேடு வேண்டும். கருவி அதை வைத்திருப்பதில்லை. வெளியீட்டுக்கு நீங்களே பொறுப்பு என்று அதன் நிபந்தனைகளில் மட்டும் தெளிவாக எழுதியிருக்கிறது.

மாதச் சந்தாவை நான் நிறுத்தவில்லை. மெனுவுக்கும் சோதனைக்கும் மட்டும் பயன்படுத்தி, அவ்வரிகளைத் தனியே குறித்து வைக்கிறேன். நீர் ஷேடரை நீக்கிவிட்டு நானே எழுதிக்கொண்டிருக்கிறேன்; இன்னும் அந்த அளவுக்கு அழகாக வரவில்லை.