லண்டன் அண்ணா எந்தப் பொக்ஸைக் கொண்டு வரலாம்?

லண்டனில் இருக்கும் பெரியப்பாவின் மகன் ஓகஸ்ட் விடுமுறைக்குக் கிளிநொச்சி வருகிறார். "தம்பி, ஸ்பீக்கர் ஒரு சோடி வாங்கி அனுப்புறன், எது வேணும் சொல்லு" என்று வட்ஸ்அப்பில் நாலு படம் போட்டார். டனோய், ஜேபிஎல் எல்100, பௌவர்ஸ் அன்ட் வில்கின்ஸ், கெஃப் எல்எஸ்50. நாலும் பெரிய பெயர்கள்தான். ஆனால் அந்தப் பெயர்களுக்குப் பின்னால் இன்று யார் இருக்கிறார்கள், எங்கள் வெயிலில் அந்தப் பெட்டிகள் என்ன பாடுபடும் என்பது வேறு கதை.

முதலில் ஜேபிஎல். இங்கே பொடியளிடம் அந்தப் பெயரைச் சொன்னால் உருளை வடிவப் புளூடூத் ஸ்பீக்கரைத்தான் காட்டுவார்கள். ஓட்டோவின் பின்கண்ணாடியில் ஸ்டிக்கர், சந்தைத் தட்டில் போலிகள். ஜேம்ஸ் லான்சிங் 1946இல் தொடங்கிய கொம்பனி, 1969இல் ஹார்மனிடம் போய், 2017இல் ஹார்மனோடு சேர்ந்து சாம்சங்கிடம் போனது. சாம்சங் கொடுத்த விலை 800 கோடி டொலர். பெயர் மலிந்துவிட்டது என்று பழைய ஆட்கள் சலித்துக்கொள்வார்கள். அப்படியும் முழுதாகச் சொல்லிவிட முடியாது. 1970இல் வந்த எல்100இன் சாயலிலேயே 2018இல் எல்100 கிளாசிக் என்று ஒன்றை இறக்கி, சோடி 4,000 டொலருக்கு விற்றார்கள். அதோடு பழைய எல்100க்கும் மவுசு ஏறியது.

டனோய்க்கு நடந்தது வேறு. 1926இல் தொடங்கியது. இங்கிலாந்தில் ரயில் நிலைய அறிவிப்பு ஒலிபெருக்கிக்கே அந்தப் பெயர்தான் வழக்கு. பெரிய கோனின், அதாவது அதிர்ந்து சத்தம் எழுப்பும் கூம்பின், நடுவாலேயே உயர் சுருதியை ஹோர்ண் என்ற புனல் வாய் வழியாக வெளியே விடும் அவர்களுடைய வடிவம் 1947இல் வந்தது. கொம்பனி பல கை மாறி 2015இல் மலிவு ஒலி மிக்ஸர்களுக்குப் பேர்போன பெரிங்கர் குழுவுக்குள் போய்ச் சேர்ந்தது. ஆனாலும் 1967இல் வந்த 'கோல்ட்' 15 அங்குல ஸ்பீக்கரை இன்றும் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள். அண்ணா அனுப்பிய படத்தில் இருந்தது அதற்கு அடுத்து எழுபதுகளில் வந்த எச்பிடி என்ற மாடல். அங்கேதான் சிக்கல். கோல்டின் கோன் விளிம்பு கடினமானது, கெடாது. எச்பிடிக்கு ஸ்பொஞ்ச் வளையம். ஈரமும் வெக்கையும் சேர்ந்தால் ஸ்பொஞ்ச் தானாகவே சிதையும். விரலை வைத்தால் குரக்கன் புட்டுப் போல உதிரும். புது வளையம் ஒட்டலாம், ஆனால் கோன் சரி நடுவில் நிற்கும்படி ஒட்டாவிட்டால் அதன் பின்னால் இருக்கும் கம்பிச் சுருள் உரசும். இங்கே கோயில் ஸ்பீக்கருக்குக் கோன் மாற்றுகிறவர்கள் கெட்டிக்காரர்கள்தான். என்றாலும் முதல் பரீட்சையை டனோயில் வைக்க எனக்கு மனமில்லை.

பௌவர்ஸ் அன்ட் வில்கின்ஸ் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 1966இல் தொடங்கியது, லண்டன் அபி ரோட் ஒலிப்பதிவு ஸ்டூடியோவில் ஒலித்தது, மதிப்பு இன்னும் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், 2022இல் அதை வைத்திருந்த குழுவை வாங்கியது மசிமோ, விரலில் மாட்டி ஒட்சிசன் பார்க்கும் கருவி செய்கிற கொம்பனி. 100 கோடி டொலருக்கு மேல் கொடுத்து வாங்கியதை 2025இல் 35 கோடிக்கு விற்றுவிட்டது. வாங்கியது யார்? ஹார்மன். ஆக, ஜேபிஎல்லா பௌவர்ஸா என்று வருசக்கணக்காகச் சண்டை பிடித்தவர்கள் இன்று ஒரே முதலாளிக்காகத்தான் சண்டை பிடிக்கிறார்கள்.

கெஃப் 1961இல் கென்ற் மாவட்டத்தில் பிறந்தது, 1992இலிருந்து ஹொங்கொங் முதலாளிக்குச் சொந்தம். பெயர் கெடவில்லை. 50ஆவது ஆண்டை வைத்து 2012இல் வந்த எல்எஸ்50 புதுத் தலைமுறையையே அதன் பக்கம் இழுத்தது. ஒன்று ஏழு கிலோ சொச்சம்தான், சூட்கேசிலேயே வரும். குறை, வாட்ஸ் கேட்கும். அதன் உணர்திறன், அதாவது அதே மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற கணக்கு, 85 டெசிபல், எல்100 கிளாசிக்குக்கு 90. அதே சத்தத்துக்குக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு மின்சாரம். யுத்தத்தில் பற்றரிக்குத் தடையிருந்த காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோ சுற்றி ரேடியோ செய்தி கேட்ட சனம் நாங்கள். கரண்ட் போனால் இன்வேர்ட்டரை நம்பி இருக்கிற வீட்டில் இந்தக் கணக்கைப் பார்க்காமல் விட முடியாது.

"அப்ப வயர்லெஸ் எல்எஸ்50 எடு, அம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கு" என்றார் அண்ணா. வேண்டவே வேண்டாம் என்றேன். போன ஐப்பசி மின்னலில் பக்கத்து வீட்டில் அப்படி ஒரு சோடி போனது. எந்தக் கொம்பனி என்பதை விடுங்கள், எதுவாக இருந்தாலும் அந்த இடிக்குப் போயிருக்கும். திருத்துகிறவர் திறந்து பார்த்துவிட்டு, "இந்த சேர்க்கிட் போர்ட் இங்க எடுக்கேலாது" என்று அப்படியே மூடிக் கொடுத்தார். இப்போது அதன் பின்துவாரத்தில் குளவி மண்கூடு கட்டியிருக்கிறது.

சரி, பழைய எல்100 என்று சொல்லிவிட்டேன். 12 அங்குலக் கோனின் விளிம்பு மடிப்புத் துணி, ஸ்பொஞ்ச் இல்லை. அம்ப்ளிஃபயர் வெளியே இருக்கும், போனால் வேறு போடலாம். பாரம்தான், கடல் பார்சலில் வரட்டும். வாங்க முதல் கோன் விளிம்பைக் கிட்டவாகப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன்.

நேற்று படம் வந்தது. கோன் விளிம்பு நல்லாகவே இருக்கிறது. முன்பக்கத்தில் சதுரம் சதுரமாகச் செதுக்கிய செம்மஞ்சள் ஸ்பொஞ்ச் மூடி இருக்க வேண்டும், அது மட்டும் பெட்டிக்கடியில் தூளாகக் கிடந்தது. அதைக் காட்டி விலையைக் குறைத்துவிட்டாராம் அண்ணா.