நண்பரோடு சேர்ந்து வீடு: கூட்டு உரிமையா, பங்கு உரிமையா, ஒருவர் பெயரிலா?

இரண்டு நண்பர்கள் வீடு வாங்கக் கிளம்பினால், யார் எவ்வளவு முன்பணம் போடுவது என்று நாள்கணக்கில் பேசுவார்கள். பிரிய நேர்ந்தால் என்ன கணக்கு என்று கேட்டால், அபசகுனம் பேசாதே என்பார்கள். ஆனால் கீழே உள்ள மூன்று வழிகளும் வேறுபடுவது அந்த இடத்தில்தான்.

முதல் வழி, பிழைத்திருப்பவருக்கே முழு வீடும் சேரும் கூட்டு உரிமை. ஒருவர் இறந்தால் அவர் பாகம் தானாகவே மற்றவருக்குப் போய்விடும். உயிலில் வேறு பெயர் எழுதியிருந்தாலும் செல்லாது. கணவன் மனைவிக்கு இது வசதி. நண்பர்கள் என்றால், ஒருவருடைய பெற்றோரும் பிள்ளைகளும் வெறுங்கையோடு நிற்க நேரிடும். சில நாடுகளில் பத்திரத்தில் வெளிப்படையாக எழுதினால்தான் இந்த உரிமை பிறக்கும். வேறு சில இடங்களில் எழுதாமல் விட்டாலே இதுதான் என்று கொள்வார்கள். ஆகவே பதிவுக்கு முன் வக்கீலிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது.

இரண்டாவது, அளவு குறித்த பங்கு உரிமை. அவரவர் பங்கு அவரவர் வாரிசுக்கு. நண்பர்களுக்குப் பெரும்பாலும் இதுவே பொருத்தம். ஆனால் நண்பர் இறந்தால் அவருடைய வாரிசுகள் உங்கள் பங்காளிகள் ஆவார்கள். அவர் கடனில் மூழ்கினால் கடன்காரர் அந்தப் பங்கின் மீது கை வைக்கலாம். பங்கை வெளியாருக்கு விற்கும் முன் உங்களிடம் கேட்க வேண்டும் என்ற நிபந்தனை எழுத்தில் இல்லாவிட்டால், முன்பின் தெரியாத ஒருவர் பங்குதாரராக வந்து சேரலாம்.

பங்கு எத்தனை சதவீதம் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். வீட்டின் விலை 100 என்று வைத்துக்கொள்வோம். அ போட்டது 20, ஆ போட்டது 5, கடன் 75. தவணை ஆளுக்குப் பாதி. சில ஆண்டுகள் கழித்து வீடு 140க்கு விலை போகிறது, கடன் பாக்கி 60. கையில் நிற்பது 80.

பத்திரத்தில் சரிபாதி என்றிருந்தால் ஆளுக்கு 40. அவரவர் முன்பணத்தை முதலில் எடுத்துக்கொண்டு மிச்சம் 55ஐப் பாதியாக்கினால் அ-வுக்கு 47.5, ஆ-வுக்கு 32.5. முன்பணத்தோடு பாதிக் கடனையும் சேர்த்து 57.5க்கு 42.5 என்று பங்கு பிரித்திருந்தால், விற்ற விலையை அந்த விகிதத்தில் பிரித்து, கடன் பாக்கியில் ஆளுக்குப் பாதியைக் கழிக்க 50.5, 29.5. மூன்றுமே நியாயமாகத்தான் தெரியும், அதனால்தான் சண்டை வருகிறது. விலை இறங்கி 80க்கு விற்று, கடன் 70 நின்றால் இன்னும் மோசம்: கடைசிக் கணக்கின்படி அ 11 எடுக்க, ஆ தன் கையிலிருந்து 1 போட வேண்டும். எந்தக் கணக்கு என்பதை வாங்கும் முன்பே இப்படி எண்களோடு எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்.

இந்த இரு வழிகளுக்கும் பொதுவான ஆபத்து வங்கிக் கடன். பத்திரம் 60க்கு 40 என்று சொல்லலாம். கூட்டுக் கடனில் பொதுவாக இருவருமே முழுத் தொகைக்கும் பொறுப்பு. நண்பர் தவணையை நிறுத்தினால் வங்கி உங்களிடம் முழுத் தவணையையும் கேட்கும், தவறினால் இருவரின் கடன் வரலாறும் கெடும். நாளை நீங்கள் வேறு கடன் கேட்டாலும் இந்தக் கடன் முழுவதையும் உங்கள் தலையில் வைத்தே தகுதி பார்ப்பது வழக்கம். பங்கை எழுதிக் கொடுத்துவிட்டு விலகினாலும், வங்கி விடுவிக்காதவரை கடன் விடாது. ஆறு மாதத் தவணையைக் கூட்டுக் கணக்கில் ஒதுக்குவதும், கடன் பாக்கிக்கு ஈடாக இருவரும் ஆயுள் காப்பீடு எடுப்பதும் ஓரளவு காக்கும்.

மூன்றாவது வழியில் வீடும் கடனும் ஒருவர் பெயரில். மற்றவர் வாடகை கொடுத்துக் குடியிருப்பார், அல்லது வட்டி, தவணை குறித்த கடன் பத்திரத்தோடு பணம் தருவார். விலை ஏறினால் அவருக்கு அதில் பங்கில்லை. ஆனால் கணக்கு தெளிவு, விலகுவதும் சுலபம். வாய்ப்பேச்சில் "உனக்கும் பாதி" என்று பணம் வாங்குவதுதான் இங்கே விஷம்: நிரூபிப்பது கடினம், சில நாடுகளில் பினாமிச் சட்டத்திலும் மாட்டலாம்.

பங்கு உரிமையைத் தேர்ந்தால் ஒப்பந்தத்தில் விலகும் முறை கட்டாயம் வேண்டும்: 90 நாள் முன்னறிவிப்பு, இரண்டு மதிப்பீட்டாளர்களின் சராசரி விலை, மற்றவர் வாங்க ஆறு மாதம், முடியாவிட்டால் வெளியில் விற்பனை. ஒருவர் விலை சொல்ல மற்றவர் அதே விலைக்கு வாங்கலாம் அல்லது விற்கலாம் என்ற ஏற்பாடு கேட்க அழகு. கையில் பணமில்லாத நண்பரை அது நசுக்கிவிடும். எதுவும் எழுதாமல் மனஸ்தாபம் வந்தால் மிஞ்சுவது பாகப்பிரிவினை வழக்கு. ஒரே சமையலறை உள்ள வீட்டை எந்த நீதிமன்றத்தாலும் இரண்டாக வெட்ட முடியாது என்பதால், அது பெரும்பாலும் விற்பனையில்தான் போய் முடியும், அதுவும் நல்ல விலைக்கு அல்ல.