கண்ணாடிப் பூட்டு செட்: கொடைக்கானலில் பூட்டு வேலை பழக இது போதுமா?

உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரிகிற பிளாஸ்டிக் பூட்டு ஒன்று, அதற்கு இரண்டு சாவி, சாவி இல்லாமல் பூட்டைத் திறந்து பழக ஒரு பையில் 17 கம்பிகள், வீடியோ பாடத்துக்கு ஒரு கியூஆர் கோடு. ஆன்லைனில் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் இந்த செட்டின் பெட்டியில் கம்பெனி பெயர் எதுவும் இல்லை. பல கடைக்காரர்கள் இதே சாமானை விற்கிறார்கள். சாவி போடும் தொழிலைப் பழக நினைக்கும் பிள்ளைகள் முதலில் வாங்குவது இதைத்தான். வாங்கலாம், தப்பில்லை. ஆனால் இதில் கிடைப்பது தொழிலில் கால்வாசி. மிச்சத்தை அரத்தோடும், சாவியை இறுக்கிப் பிடிக்கும் வைஸோடும் உட்கார்ந்துதான் பழக வேண்டும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறோம். உள்ளே 'பின்' எனும் குட்டி உலோகத் துண்டுகள் மேலும் கீழுமாக ஜோடி ஜோடியாக நிற்கும் பின் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்பதை இந்தப் பூட்டு பத்து நிமிடத்தில் புரியவைத்துவிடும். சாவி இல்லாதபோது சாவி நுழைகிற உருளைக்குள் பாதியும் வெளிக்கூட்டில் பாதியுமாக மேல் பின் நின்று உருளையைத் திரும்பவிடாமல் பிடித்துக்கொள்கிறது. சரியான சாவி நுழைந்ததும் மேல் பின்னும் கீழ் பின்னும் பிரிகிற இடம், ஐந்து ஜோடியிலும், உருளையின் விளிம்புக்கு நேராக வந்து நிற்கும், உருளை சுழலும். லைனஸ் யேல் ஜூனியர் 1860-களில் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. இன்றைக்கும் அடிப்படை மாறவில்லை. படம் போட்டு விளக்கினால் புரியாதவருக்கும், சாவியை மெதுவாக நுழைத்து இந்தப் பூட்டைப் பக்கவாட்டில் பார்த்தால் புரிந்துவிடும்.

குறை அதற்குப் பிறகுதான். கண் பார்த்துக்கொண்டே இருப்பதால் விரல் எதையும் கற்றுக்கொள்வதில்லை. உருளையைத் திருப்பும் பக்கம் லேசாக அழுத்தினால் ஒரு நேரத்தில் ஒரு பின்தான் இறுகும், ஏனென்றால் எந்தப் பூட்டிலும் துளைகள் மயிரிழைகூடப் பிசகாமல் ஒரே நேர்கோட்டில் அமைவதில்லை. அந்த இறுகிய பின்னை விரலால் தேடிக் கண்டுபிடிப்பதுதான் பழக்கம். இந்தப் பூட்டின் துளைகளோ ரொம்பத் தளர்வு. கம்பியை உள்ளே விட்டு நாலு முறை இழுத்தாலே திறந்துகொள்கிறது, பழகுகிறவனும் தனக்குக் கை வந்துவிட்டது என்று நம்பிவிடுகிறான். இரண்டாம் நாளே பூட்டின் மேல் கறுப்பு டேப் சுற்றிவிடுங்கள். உருளையை அப்படி அழுத்திப் பிடிக்கும் டென்ஷன் கம்பியை, மூடிய கண்ணிமையைத் தொடும் அளவுக்கு மேல் அழுத்தாதீர்கள். அழுத்தினால் ஐந்து பின்னும் ஒன்றாக இறுகி, எது எதுவென்று தெரியாமல் போகும். ஒரு பின் அளவுக்கு மேல் ஏறிவிட்டால் கீழ் பின்னே விளிம்பைத் தாண்டி மாட்டிக்கொள்ளும். அப்போது அழுத்தத்தைத் தளர்த்தி, அது கீழே விழும் சத்தம் கேட்ட பிறகே மறுபடி தொடங்க வேண்டும்.

கம்பிகளின் தரம் சுமார். நுனியில் வெட்டுப்பிசிறு அப்படியே இருக்கிறது. 400 நம்பர் உப்புத்தாளில் தேய்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள். 17-ல் வேலைக்கு ஆகிறவை நாலைந்துதான். குட்டைக் கொக்கி, மெல்லிய டென்ஷன் கம்பி, உடைந்த சாவியை எடுக்கும் முள் கம்பி, இவை மூன்றையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். முள் கம்பியைப் பற்றி வீடியோ சொல்லாத விஷயம் ஒன்று: சாவி பாதி திரும்பிய நிலையில் உடைந்திருந்தால் எவ்வளவு இழுத்தாலும் வராது. உருளையை முதலில் சாவி நுழையும் நிலைக்குத் திருப்பி நிறுத்தி, பிறகு இழுக்க வேண்டும்.

அடுத்த படிக்கு இந்த செட்டில் வழி இல்லை. பழைய இரும்புக் கடையில் கழற்றிப் போட்ட கதவு உருளை ஒன்றை வாங்குங்கள். பின்பக்கக் கிளிப்பை எடுத்துவிட்டு, சாவி போட்டோ கம்பியாலோ உருளையைக் கொஞ்சம் திருப்பி வெளியே தள்ளும்போது, அதே தடிமனுக்குச் சீவிய மரக்குச்சி ஒன்று பின்னாலேயே தொடர்ந்து போக வேண்டும். இடைவெளி விட்டால் ஸ்பிரிங்கும் மேல் பின்னும் துள்ளித் தெறிக்கும்; தரையில் தேடினால் கிடைக்காது. கீழே துண்டு விரித்து, பக்கத்தில் முட்டை அட்டை வைத்து, பின்களை வந்த வரிசையிலேயே குழிக்கு ஒன்றாகப் போடுங்கள். முதலில் இரண்டே பின் போட்டுப் பூட்டைச் சேர்த்துப் பழகி, பிறகு மூன்று, நாலு என்று ஏற்றுங்கள். கண்ணாடிப் பூட்டு ஒரு மாதத்தில் தராத பழக்கத்தை இது ஒரு வாரத்தில் தந்துவிடும்.

இந்த செட் தொடாத பெரிய விஷயம் லீவர் பூட்டு, அதாவது பின்களுக்குப் பதிலாக உள்ளே இருக்கும் தட்டைத் தகடுகளைச் சாவி தூக்கித் திறக்கும் பூட்டு. கொடைக்கானல் எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டின் மாவட்டம் இது. மூஞ்சிக்கல் கடை ஷட்டரிலும், பழைய பங்களாக் கதவிலும், மன்னவனூர் வீட்டுப் பெட்டியிலும் தொங்குவதில் லீவர் பூட்டு நிறைய. மாங்காய் பூட்டு, மணிப் பூட்டு என்று கையால் செய்தவைக்கு ரெடிமேட் சாவி கிடையாது. உட்கார்ந்து அரத்தால்தான் வெட்ட வேண்டும். வாடிக்கையாளர் பத்துப் பேர் வந்தால் எட்டுப் பேர் கேட்பது டூப்ளிகேட் சாவிதான், பூட்டைத் திறந்துகொடுப்பதை அல்ல.

அதனால் அடுத்த காசை இதில் போடுங்கள்: மேசையில் இறுக்கும் சின்ன வைஸ், ஆறு அங்குலத் தட்டை அரம், மெல்லிய தட்டை அரம், முக்கோண அரம், பல் வெட்டாத பித்தளைச் சாவி இரண்டு டஜன். மூலச் சாவியையும் புதுச் சாவியையும் தோளோடு தோள் (பிடியை ஒட்டித் துருத்தி நிற்கும் விளிம்பு) சேர்த்து வைஸில் பிடியுங்கள். தோள் ஒரு நூல் நகர்ந்தாலும் எல்லாப் பல்லும் இடம் மாறிவிடும். கெட்டுப்போகும் சாவிகளில் பாதி இதனால்தான். அரத்தை முன்னால் தள்ளும்போது மட்டும் அழுத்தி, திரும்பும்போது தூக்கிவிடுங்கள். அரத்தில் சாக்பீஸ் தேய்த்துக்கொண்டால் பித்தளைத் தூள் பல்லில் அடைக்காது. மூலச் சாவியின் அளவுக்கு வரும் முன்பே நிறுத்தி, பூட்டில் போட்டுப் பார்த்து, மறுபடி ஓர் இழுப்பு. கூடுதலாக அராவியதை ஒட்டவைக்க முடியாது. தேய்ந்த சாவியைப் பார்த்து வெட்டினால் தேய்மானமும் சேர்ந்தே வரும். இரண்டாவது சாவி எங்கே என்று கேளுங்கள். பெரும்பாலும் அலமாரியில் தேயாமல் இருக்கும்.

வீடியோ பாடம் ஆங்கிலத்தில் ஓடுகிறது, காட்டுவதெல்லாம் ஏசி அறையில் இருக்கிற புதுப் பூட்டு. மேல்மலையில் அது உதவாது. இங்கே பூட்டு சிக்கினால் வீட்டுக்காரர் முதலில் ஊற்றுவது தேங்காய் எண்ணெய். 24 டிகிரிக்குக் கீழே உறைகிற எண்ணெய் கொடைக்கானல் குளிரில் என்ன ஆகும்? பின்களுக்கு நடுவே மெழுகு மாதிரி உறைந்து, தூசியையும் பிடித்துக்கொள்ளும். அப்படிப்பட்ட பூட்டை மண்ணெண்ணெயில் கழுவி உலர்த்திய பிறகே கம்பியைத் தொட வேண்டும். வீட்டுக்குள் இருக்கும் கதவுப் பூட்டுக்கு கிராஃபைட் தூள் நல்லது; பென்சில் கரியைச் சுரண்டிப் போட்டாலும் சரி. கேட்டில் மழையில் நனையும் பூட்டுக்கு அது துருவைத் தடுக்காது, தையல் மெஷின் எண்ணெய் நாலு சொட்டு விடுங்கள். இரண்டையும் ஒரே பூட்டில் சேர்த்தால் சேறாகிவிடும்.

ஐப்பசி, கார்த்திகையில் வரும் இன்னொரு புகார்: "சாவி திரும்பமாட்டேங்குது." பூட்டைக் கழற்றும் முன் கதவைத் திறந்துவைத்துச் சாவியைத் திருப்பிப் பாருங்கள். திறந்திருக்கும்போது சுலபமாகத் திரும்பி, சாத்தினால் மட்டும் சிக்கினால் பூட்டில் பழுது இல்லை. ஈரத்தில் மரம் உப்பி, பூட்டிலிருந்து நீளும் நாக்கு, கதவுச் சட்டத்தில் உள்ள தகட்டின் ஓட்டைக்கு நேராக வரவில்லை. நாக்கில் சாக்பீஸ் பூசிக் கதவைச் சாத்திப் பூட்டப் பார்த்தால் எந்தப் பக்கம் இடிக்கிறது என்பது தகட்டில் பதியும். அங்கே ஒரு மில்லிமீட்டர் அராவினால் முடிந்தது.

செட்டுக்கு ஐந்துக்கு இரண்டரை கொடுக்கலாம். மாணவர்களுக்குப் பின் பூட்டைக் காட்டிப் புரியவைக்க நினைக்கும் ஐடிஐ ஆசிரியர் தாராளமாக வாங்கலாம். தொழிலுக்கு வர நினைப்பவர் கையில் ஆயிரம் ரூபாய்தான் இருக்கிறதென்றால் இதை விட்டுவிட்டு, அரத்தையும் கெட்டுப்போன திண்டுக்கல் பூட்டு நாலையும் வாங்கட்டும். புழக்கத்தில் உள்ள வீட்டுப் பூட்டில் பழகவே கூடாது. உள்ளே கம்பி உடைந்தால் பூட்டையே மாற்ற வேண்டி வரும். ஒரு கோடு போட்ட நோட்டும் சேர்த்து வாங்குங்கள். பூட்டு யாருடையது, என்ன அடையாள அட்டை காட்டினார், என்ன தேதி என்பதை எழுதிக் கையெழுத்து வாங்காமல், தெரிந்தவரே ஆனாலும், அடுத்தவர் கதவில் கை வைக்காதீர்கள்.